குலசேகரம் அண்ணாச்சிக்கு: சைக்ளோஸ்போரின் ஊசி மருந்தை நெபுலைசரில் விடலாமா?

அண்ணாச்சி, நுரையீரல் மாற்றிய உங்கள் தம்பிக்கு நாள்பட்ட நிராகரிப்பு (மாற்றிய நுரையீரலை உடல் ஏற்காமல் மெல்ல மெல்லத் தாக்குவது) தொடங்கியிருக்கிறது, உடலின் அந்த எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரினை, அதுவும் ஊசிக்கானதை, வீட்டு நெபுலைசரில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஊசி மருந்தில் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கரைப்பானும் ஆல்கஹாலும் இருக்கின்றன. அது நரம்பில் ஏற்றுவதற்கானது, மூச்சுக்குழாய்க்கு இல்லை.

சைக்ளோஸ்போரினைச் சுவாசித்தால் பலன் இருக்கலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2006-ல் அமெரிக்காவில் 58 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. சுவாசித்த சைக்ளோஸ்போரின் திடீர் நிராகரிப்பைக் குறைக்கவில்லை; ஆனால் அதை எடுத்தவர்கள் அதிக நாள் உயிரோடு இருந்தார்கள், நாள்பட்ட நிராகரிப்பும் குறைவு. 58 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதனால்தான் பிறகு நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த வடிவத்தை, தனி நெபுலைசரோடு, பெரிய சோதனைகளில் பார்த்தார்கள். வழக்கமான மாத்திரைகளோடு இதையும் சேர்த்தவர்களுக்கு, முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு எவ்வளவு குறைகிறது என்பதே முக்கியக் கணக்கு. மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் இதை எடுக்கவில்லை, அதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இந்தியாவில் சோதனை நடந்தால் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தரவேண்டும் என்பது 2019 விதி.

அப்புறம், வீட்டில் ரப்பர் ஷீட் புகைபோடும் அறை இருக்கிறது என்றீர்களே, தம்பியை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஊதும் அளவைத் தினமும் குறித்துவைத்து, திங்கட்கிழமையே நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக் குழுவுக்குக் கூப்பிடுங்கள். மூச்சு அதிகம் வாங்கினால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.