நாலரை மணிப் பிட்டும் மார்கழிக் கேக்கும்

அன்புள்ள அக்கா,

ஆடிக்கூழ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பனங்கட்டி கரையும் மணம், தேங்காய்ச் சொட்டு பல்லில் கடிபடுவது எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் "வீட்டுச் சமையலில் இருக்கிற இன்பம் வேறெதிலும் இல்லை" என்று முடித்திருந்தீர்கள். அந்த இடத்தில் போனை மூடி வைத்துவிட்டேன்.

நான் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. காலை நாலரைக்கு எழும்புகிறேன். பிட்டு அவித்து, சம்பல் இடித்து, மத்தியானச் சோற்றையும் இரண்டு கறியையும் ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். இதில் இன்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வருடத்தில் ஒரு நாள், நத்தாருக்கு முதல் கிழமை கேக் அடிக்கும்போது மட்டும் சமையல் பிடிக்கிறது. நாங்கள் சைவம்தான், ஆனால் பக்கத்து வீட்டார் வேதக்காரர், பிள்ளைகளுக்கு ஆசை. மாமிக்குப் பிடிக்காது. "பனங்காய்ப் பணியாரம் சுட நேரமில்லை, வெள்ளைக்காரன்ரை பலகாரத்துக்கு நேரமிருக்கு" என்பார்.

போன முறை அந்தக் கேக்கும் நடுவில் குழி விழுந்துவிட்டது. யூரியூப்பில் சொன்னபடி எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அடித்தேன். இருபது நிமிடத்தில் அவன் அடுப்பைத் திறந்து பார்த்தபோது நன்றாக எழும்பியிருந்தது. பிறகு ஏன் இறங்கியது?

பெயரைப் போட வேண்டாம்.

வாசகி, கிளிநொச்சி

*

அன்புள்ள தங்கச்சி,

குழியிலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம்.

இருபதாவது நிமிடத்தில் திறந்தீர்களே, முதல் சந்தேகம் அதில்தான். அந்த நேரம் கேக் எழும்பியிருக்கும், ஆனால் நடுப்பகுதி இன்னும் கூழ். முட்டையும் மாவும் வெந்து இறுகும் வரை அதைத் தாங்க ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் சூடு சட்டென்று இறங்கும், உள்ளே விரிந்திருந்த காற்றுச் சுருங்கும், நடு அமர்ந்துவிடும். 175, 180 பாகை செல்சியஸில் வைக்கும் கேக் என்றால் சொன்ன நேரத்தில் முக்கால்வாசி போகும் வரை கதவுப் பக்கம் போகாதீர்கள். பிறகு ஓர் ஈர்க்கை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமில்லாமல் வந்தால் சரி.

இரண்டாவது சந்தேகம், மத்தியானம். பட்டரும் சீனியும் அடிக்கும்போது பட்டருக்குள் காற்றுப் பிடிபட வேண்டும். அது 20 பாகைக்குக் கிட்ட இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். நம்முடைய தகரக் கூரைக் குசினிகளில் மத்தியானம் முப்பதைத் தாண்டிவிடும். பட்டர் பளபளவென்று எண்ணெய் விட்டிருக்கும், நீங்கள் எவ்வளவு அடித்தாலும் அது வெளுத்துப் பஞ்சாக வராது. குளிர்நாட்டில் ஒருவர் "பட்டரை வெளியே எடுத்து வையுங்கள்" என்று சொல்வது அவருடைய வீட்டுக்குச் சரி. ஒட்டுசுட்டானில் நான் அதை அதிகாலையில்தான் அடிக்கிறேன். முட்டையை மட்டும் முதல் நாளிரவே குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வைப்பேன். குளிர் முட்டை விழுந்தால் கலவை திரிந்துவிடும். பேக்கிங் பவுடர் கூடினாலும் இதே குழிதான் விழும், "நன்றாக எழும்பட்டும்" என்று ஒரு கரண்டி கூடப் போட்டீர்களோ தெரியாது. நான் போட்டிருக்கிறேன்.

மார்கழியில் கேக் அடிப்பதற்கு நத்தார் ஒரு காரணம் என்றால், எனக்கு இன்னொரு காரணம் இந்தக் குளிர். வன்னியில் பட்டர் பட்டராக இருக்கும் மாதம் அதுதான். சித்திரைப் புதுவருடத்துக்குக் கேக் அடித்து நான் வென்றதே இல்லை. அந்த மாதத்துக்குக் கொதி எண்ணெயில் விழும் முறுக்கும் பயற்றம் பணியாரமும்தான் தோது.

மாமிக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் பலகாரம் என்கிறார். அவர் காலையில் சாப்பிடும் பாணும், நின்று சமைக்கும் குசினியும், சீனிப் போத்தலை வைக்கும் அலுமாரியும் போத்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். சம்பலுக்கு இடிக்கும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்ததுதான். இதையெல்லாம் மாமியிடம் சொல்லிவிடாதீர்கள். நான் என் மாமியிடம் சொல்லி, ஒரு முழுப் பருவம் பணியாரம் இல்லாமல் இருந்தேன்.

அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பனங்காய் ஆவணி, புரட்டாதியில் விழும். விழுந்ததை இரண்டு நாள் விட்டால் புழு வைத்துவிடும். சுட்டு, தோலுரித்து, தும்பிலிருந்து களியைப் பிசைந்து பிழிந்து, துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சிக் காறலை எடுத்து, மாவில் குழைத்து, சின்னச் சின்னதாகக் கிள்ளி எண்ணெயில் விட வேண்டும். அரைநாள் போய்விடும், கை இரண்டு நாளைக்கு மஞ்சளாக இருக்கும். கேக்குக்கு நாள் குறித்து லீவு எடுக்கிறோம். பனங்காய் எப்போது விழும் என்று எந்த அலுவலகத்துக்கும் சொல்ல முடியாது. மாமியின் கோபம் கேக்கின் மேல் இல்லை என்றே நினைக்கிறேன். மரத்தடியில் கிடந்து அழுகிய காய்களை அவர் பார்த்திருப்பார்.

சரி, இனி நாலரை மணி. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நீங்கள் போனை மூடி வைத்தது சரி. அந்த ஆடிக்கூழ்க் கட்டுரையைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். கூழ் கொதித்தது இருக்கிறது, மணம் இருக்கிறது, பிலா இலையில் குடித்தது இருக்கிறது. தேங்காய் துருவியது யார் என்று இல்லை. என் கணவர். பயறு வறுத்துக் கோது நீக்கியது மூத்த மகள். பானை கழுவியது கணவருடைய தங்கச்சி. நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்று, இரவு அதை எழுதவும் செய்தேன். நாலு பேர் செய்ததை ஒரு ஆள் செய்ததுபோல எழுதி, அதற்கு இன்பம் என்று பெயரும் வைத்தேன். அது பிழை.

2022 இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வரை போனது ஞாபகம் இருக்கும். எரிவாயுவும் இல்லை. சின்னவளின் பிறந்தநாள் அந்தக் கிழமை. கடைக் கேக்கின் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அப்போதுதான் அம்மாவின் மணல் சட்டி நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்த காலத்தில், சேர்த்து வைத்த கொஞ்ச ரவையிலும் வீட்டுக் கோழி முட்டையிலும் அம்மா அதில்தான் கேக் சுடுவார். பெரிய அலுமினியச் சருவத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் போட்டு விறகடுப்பில் கால் மணித்தியாலத்துக்கு மேல் காய விட வேண்டும். மணலில் ஓட்டுத்துண்டு வைத்து, அதன் மேல் கேக் தட்டு. மூடி போட்டு, மூடியின் மேல் சிரட்டைத் தணல். கீழ்நெருப்பைக் குறைத்து, மேல்நெருப்பைக் கூட்டி வைக்க வேண்டும். சூடு பார்க்க அம்மா ஒரு கொப்பித் தாளை உள்ளே விடுவார். அது கருகாமல் மெல்லச் சிவந்தால் கேக்கை வைக்கலாம்.

மின்சாரம் இல்லாததால் அடிக்கும் மெசினும் இல்லை. சீனியும் மாஜரினும் கணவர் கையால் அடித்தார், தோள் நோகிறது என்று நூறு தரம் சொன்னார். முட்டையை மூத்தவள் முள்ளுக்கரண்டியால் அடித்தாள். பிறந்தநாள்காரி அடுப்படியில் குந்தியிருந்து தணலை எண்ணினாள். அடி ஒரு விரல் தடிப்புக்குக் கருகிவிட்டது. வெட்டிக் கோழிக்குப் போட்டோம், கோழியும் யோசித்துத்தான் தின்றது. அந்தக் கேக்கைப் பற்றி இன்னும் எங்கள் வீட்டில் பேச்சு வரும். பிறகு அவனில் சுட்ட, கருகாத கேக்குகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். கேக் அடிக்கும் நாளில் உங்கள் குசினியில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? பிள்ளைகள் கரண்டியை நக்க நிற்பார்கள். கணவரும் எட்டிப் பார்ப்பார். மாமி குறை சொல்லவாவது வருவார். நாலரை மணிக்கு யார் வருகிறார்கள்?

உங்களுக்குக் கேக் பிடிப்பதன் காரணத்தில் பாதி அங்கே இருக்கும் என்பது என் ஊகம். அந்த நாலு மணித்தியாலத்துக்கு மணி பார்க்க வேண்டியதில்லை, கேக் இல்லாவிட்டால் ஒருவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. பிட்டு அப்படியில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆனால் அதைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க நினைக்கவில்லை. "நாங்கள் பட்டதைப் பார்த்தால் இது ஒரு கஸ்டமா" என்று இளம் பெண்களின் வாயை அடைப்பது நம் ஊரில் நல்லாகவே நடக்கிறது. 2009 இல் யுத்தம் முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமில் பொதிச் சோற்றுக்கு வரிசையில் நின்றோம். யாரோ சமைத்தது, யாரோ கட்டியது, உப்பும் அவர்கள் போட்ட உப்பு. எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல். காலையில் எழும்பிச் சமைக்க வேண்டிய வேலையே இல்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. பிறகு உலர் உணவு தந்தார்கள். மூன்று கல் வைத்து, கோதுமை மாவில் தேங்காய் கூட இல்லாமல் ஒரு ரொட்டி தட்டினேன். இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாகக் கருகியது. அதைப் பிய்த்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது உப்புக் காணாது என்று தோன்றியது. உப்புக் காணாது என்று எனக்கே தோன்றியதில் ஒரு சந்தோசம் இருந்தது. நான் "இன்பம்" என்று எழுதும்போது மனதில் இருப்பது அந்த ரொட்டி. அதைச் சொல்லாமல் ஆடிக்கூழின் மேல் ஏற்றி எழுதிவிட்டேன், அதனால்தான் உங்களுக்கு அது பொய்யாகக் கேட்டது.

பிட்டில் எனக்குப் பிடித்தது ஒரு நிமிடம்தான். வறுத்த அரிசிமாவில் கொதிநீர் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, சுண்டுப் பேணியால் கொத்தும்போது மா ஓரிடத்தில் உதிரி உதிரியாக நிற்கும். அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் களியாகும், குறைந்தால் தொண்டையில் அடைக்கும். அந்த அளவு நாளுக்கு நாள் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்போகம் வெட்டி வந்த புது அரிசி என்றால் மாசியில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், சட்டென்று ஒட்டிப் பிடிக்கும். அதே அரிசி பழசாகி ஆவணியில் வேறு ஆள்போல நடந்துகொள்ளும். மார்கழி ஈரத்தில் டின்னுக்குள் இருக்கும் மாவே கொஞ்சம் நனைந்துதான் இருக்கும். இதை எந்தத் தராசும் எனக்குச் சொன்னதில்லை. நாலரை மணித் தூக்கத்திலும் உங்கள் கை அதை அறிந்துதான் தண்ணீர் விடுகிறது. நம்பாவிட்டால் ஒரு நாள் கணவரை விடச் சொல்லிப் பாருங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, விடச் சொல்லுங்கள். முதல் கிழமை கல்லாகத்தான் வரும், சாப்பிடட்டும். எங்கள் வீட்டில் தேங்காய் துருவும் திருவலை 2022 இல் அவர் பக்கம் போனது, பிறகு நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அரிசிமாவை ஞாயிறு வறுத்து அரித்து வைத்தால் கிழமை முழுக்கப் போகும், அரிதட்டுப் பிடிக்கப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கிழமையில் இரண்டு நாள் பாணும் பருப்பும் போதும். ஒரு குற்றமும் இல்லை.

மாமிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகப் பனங்களி சேர்த்துக் கேக் சுடப் பார்க்கிறேன். நிறம் அருமை, பொன்போல வருகிறது. ஆனால் கசக்கிறது. களியில் இருக்கும் ஃபிளாபெலிஃபெரின் என்ற பொருள்தான் கசப்புக்குக் காரணம், அது மரத்துக்கு மரம் கூடிக் குறையும். காரணம் தெரிந்ததால் என் கேக் இனித்துவிடவில்லை. பணியாரத்துக்குக் காய்ச்சுவதுபோலத்தான் காய்ச்சினேன், எங்கோ பதம் தவறுகிறது. எந்த மரத்துக் காய் எடுப்பது, எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எந்த மணம் வரும்போது இறக்குவது என்று உங்கள் மாமியிடம் கேட்டு எழுதுங்கள். கேக்குக்கு என்று சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அக்கா