போர்ச்சுகல் நிரந்தர வேலை ஒப்பந்தம்: கேள்வி பதில்

கேள்வி: லிஸ்பனில் கொடுத்த ஒப்பந்தத்தில் 'செம் தெர்மு' என்று இருக்கிறது. நிபந்தனை இல்லாததா?

பதில்: இல்லை. 'தெர்மு' என்றால் இங்கே கெடு. கெடு இல்லாத ஒப்பந்தம், அதாவது நிரந்தர வேலை. இப்படி நிரந்தர வேலையில் இருப்பவரை வேலை செய்யும் இடத்தில் 'எஃபெதிவு' என்பார்கள், அதுவும் இதுதான். முடியும் தேதி போட்டிருந்தால் 'தெர்மு செர்த்து', அதிகபட்சம் 2 வருடம். விடுப்பில் போனவர் திரும்பும்வரை என்பது மாதிரி, தேதி இல்லாமல் ஒரு காரணம் தீரும்வரை ஓடினால் 'தெர்மு இன்செர்த்து', அதிகபட்சம் 4 வருடம். தேதி இல்லையே என்று இதை நிரந்தரம் என நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. முடிவுத் தேதி வைப்பதானால் எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் அதை 'செம் தெர்மு' என்றே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: நிரந்தரமானால் நீக்கவே முடியாதா?

பதில்: சோதனைக் காலத்தில் காரணம் சொல்லாமலே அனுப்பலாம்: பொதுவாக 90 நாள், சிக்கலான பொறுப்புள்ள வேலைக்கு 180, உயர் நிர்வாகத்துக்கு 240. அதைத் தாண்டினால் நியாயமான காரணம் வேண்டும், அரசியல் சட்டத்தின் 53வது பிரிவே அப்படிச் சொல்கிறது.

கேள்வி: நானே விலகினால்?

பதில்: 2 வருடம் வரை வேலை செய்தவர் 30 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் 60.

கேள்வி: பிரேசில் நண்பர், நிரந்தர ஒப்பந்தத்துக்கு 'ப்ராசு இந்தெதெர்மினாடு' (காலவரையற்றது) தான் சரியான பெயர், வேலை நீக்கினால் 40 சதவீதம் தருவார்கள் என்கிறார்.

பதில்: பிரேசிலுக்கு அவர் சொல்வது சரி. அங்கே 1943 தொழிலாளர் சட்டத் தொகுப்பு, முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் 8 சதவீதம் போடும் நிதி, காரணமின்றி நீக்கினால் அந்த இருப்பின் மீது 40 சதவீதம். லிஸ்பன் முதலாளியிடம் இதைக் கேட்டு நிற்க வேண்டாம்.

கேள்வி: ஒரே மொழிதானே, எப்படி வேறாகும்?

பதில்: மொழிக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நாட்டைப் பாருங்கள். இதோடு பிரேசிலை விட்டுவிடுவோம், போர்ச்சுகல் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: ஒப்பந்தமே தரவில்லை, 'ரெசிபுஷ் வெர்திஷ்' எழுதித் தரச் சொல்கிறார்கள்.

பதில்: அது சுயதொழில் செய்பவர் தரும் ரசீது. அதில் விடுமுறை ஊதியமும் கிறிஸ்துமஸ் ஊதியமும் கிடையாது. அவர்கள் இடத்தில், அவர்கள் கருவிகளில், அவர்கள் சொன்ன நேரத்தில், மாதாமாதம் ஒரே தொகைக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் சட்டம் உங்களைத் தொழிலாளி என்றே கருதும். தொழில் நிலைமை ஆய்வு ஆணையமான ஆ.செ.தே.வில் (ACT) புகார் கொடுங்கள். நேர அட்டவணையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: 'இன்செர்த்து' நிரந்தரமா?

பதில்: இல்லை. மேலே முதல் பதிலைப் படியுங்கள்.