பாய் விரிக்கும் முன் தூபம்: கேள்வி பதில்

யோகாசனமும் பிராணாயாமமும் கற்பிக்கத் தொடங்கி எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. தூபப் பிசின்களைக் கட்டியாக வாங்கி, உடைத்துப் பார்த்து, எரித்துப் பழகியதும் ஏறக்குறைய அவ்வளவு காலமே. இயற்கைத் தூபத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அம்மா, பயிற்சியின்போது தூபம் போட வேண்டும் என்று யோக நூல்கள் சொல்கின்றனவா? (திருச்சி)

ஹட யோகத்தை விரித்துரைக்கும் பழைய நூல்களுள் ஒன்றான தத்தாத்ரேய யோக சாத்திரம், யோகி பயிலும் குடிலைப் பற்றிச் சொல்லும்போது, அதை நாள்தோறும் துடைப்பத்தால் நன்றாகப் பெருக்கி, நறுமணம் ஊட்டி, குக்குலு என்ற மணப்பிசின் முதலியவற்றால் புகைக்க வேண்டும் என்கிறது. பெருக்குவதும் புகைப்பதும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். அங்கே தூபம் அறையைத் தூய்மை செய்யும் வேலைகளில் ஒன்று. மூச்சுப் பயிற்சியின் உறுப்பு அன்று. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகையின் முதல் அத்தியாயமோ, பயிலும் இடத்தைச் சுற்றி ஒரு வில்லின் நீளத்துக்குக் கல்லும் நெருப்பும் நீரும் இருக்கலாகாது என்கிறது. பயிற்சியின் தொடக்க காலத்தில் நெருப்பை அண்டியிருப்பதையும் விலக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்து நான் கைக்கொண்ட முறை இதுதான்: முதலில் அறையைப் பெருக்கித் தூபம் போடுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், புகை முழுவதும் வெளியேறி மணம் மட்டும் நின்ற பிறகு பாயை விரியுங்கள்.

பஸ்திரிகா செய்யும்போது பக்கத்தில் ஊதுபத்தி எரிவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் தவறு உண்டா? (கோவை)

உண்டு. சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். துருத்தி போல மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவில் அந்த அளவு பல மடங்காகிறது. அறையில் உள்ள புகையும் அதே மடங்கில் நெஞ்சுக்குள் போகிறது. கற்பிக்கத் தொடங்கிய புதிதில், வகுப்பு மணக்கட்டும் என்று தூபக்காலை நடுவில் வைத்துவிட்டுப் பஸ்திரிகா செய்யச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் ஒரு மாணவிக்கு இழுப்பு வந்துவிட்டது. வாசல் படியில் அமர்ந்து அவர் மூச்சுக்குத் திணறிய அந்தப் பத்து நிமிடங்கள் என் தவறால் நேர்ந்தவை. அன்று முதல் பயிற்சி நேரத்தில் நான் எதையும் எரிப்பதில்லை.

கலப்படமில்லாத சாம்பிராணியை எப்படி அறிவது? (மதுரை)

தூளாக வாங்காதீர்கள், கட்டியாக வாங்குங்கள். உடைத்த பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால், செம்பழுப்பான பிசினுக்குள் பாதாம் பருப்பை நறுக்கிப் பதித்தது போல வெண்மையான மணிகள் தெரியும். எரிப்பதற்கு முன்பே வெனிலாவை நினைவூட்டும் இனிய மணம் வரும். நகத்தளவு துண்டை வாயிலிட்டு மென்றால் முதலில் பொடியாகி, பிறகு பல்லில் ஒட்டும். கண்ணாடி போல ஒரே சீராக மின்னி, தணலில் இட்டவுடன் டர்பன்டைன் நெடியோடு கரும்புகை கக்கினால், அது பைன் மரப் பிசின்.

எரிக்கும் முறையும் பொருளின் தரத்துக்கு ஈடாக முக்கியமானது. கொட்டாங்கச்சிக் கரியை வெளியில் வைத்துக் கனிய விடுங்கள்; மேலே சாம்பல் பூத்த பிறகே வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். சட்டென்று பற்றும் கரி வில்லைகளில் வெடியுப்பு சேர்ந்திருக்கும் என்பதால், அதன் நெடி போகும் வரை பிசினை இடாதீர்கள். மிளகளவு பிசின் ஓர் அறைக்குப் போதும். மூடிய அறையில் கரி நெருப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

கம்ப்யூட்டர் சாம்பிராணியை இயற்கைத் தூபம் என்று சொல்லலாமா? (வேலூர்)

பெரும்பாலும் அது கரித்தூளையும் மரத்தூளையும் பசை சேர்த்து அழுத்தி, மணம் ஏற்றியது. பிசின் சிறிதளவே இருக்கும். ஊதுபத்தியிலும் இரு வகை உண்டு. மணப்பொருள்களை மாவோடு சேர்த்துப் பிசைந்து உருட்டியது மசாலா பத்தி. வெறுங்குச்சியை உருட்டிக் காயவைத்துச் செயற்கை மணத்தில் தோய்த்தெடுப்பது மற்றொன்று. அந்த மணத்தை நீர்க்கச் செய்ய டைஎத்தில் தாலேட் என்ற கரைப்பான் பரவலாகப் பயன்படுகிறது.

எந்த பிராண்ட் வாங்கலாம், டீச்சர்? (சென்னை)

பிராண்டைச் சொல்ல மாட்டேன். மதுரை வாசகருக்குச் சொன்னபடி கட்டியாக வாங்கி உடைத்துப் பாருங்கள்.

குங்கிலியத்துக்காக மனைவியின் தாலியையே விற்ற குங்கிலியக் கலய நாயனார் பிறந்த மண் இது. தலைமுறை தலைமுறையாக நாம் சாம்பிராணிப் புகையில்தான் வளர்ந்தோம். இயற்கையான பொருளின் புகை எப்படித் தீங்கு செய்யும்? (தஞ்சாவூர்)

திருக்கடவூரில் வாழ்ந்த அந்த நாயனாரின் தொண்டு எனக்கும் கண்ணீர் வரவழைப்பது. ஆனால் அவர் தூபமிட்டது இறைவனுக்கு. கோயிலின் உயர்ந்த மண்டபமும், முற்றமும் ஓட்டுக் கூரையும் உள்ள வீடும் புகைக்கு வழிவிட்டன. நாம் இன்று அதே தூபத்தைச் சன்னல் சாத்திய அடுக்குமாடி அறைக்குள், குளிர்சாதனத்தை ஓடவிட்டுப் போடுகிறோம். பொருள் பழையதுதான், அது வெளியேறும் வழிதான் அடைபட்டுவிட்டது.

இயற்கைப் பொருளாயினும் எரிந்தால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். சிங்கப்பூர் வாழ் சீனர்கள் 61,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நெடுங்காலம் வீட்டில் ஊதுபத்தி எரித்தவர்களிடம் மேல் சுவாசப் பாதைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குங்கிலியமும் சாம்பிராணியும் ஒன்றல்ல. சாம்பிராணி சுமத்ராவிலிருந்து கடல் வழியாக வந்த பிசின்.

இதை நான் மறுக்கிறேன். எங்கள் பாட்டி சாம்பிராணியை மலையிலிருந்து காணிக்காரர்கள் கொண்டு வரும்போது வாங்குவார். சுமத்ராவுக்கு ஏன் போக வேண்டும்? (நாகர்கோவில்)

உங்கள் பாட்டி வாங்கியது கருமையாக, பளபளப்பாக இருந்திருந்தால் அது கருங்குங்கிலியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் மரத்தின் பிசின் அது. பல வீடுகளில் அதையும் சாம்பிராணி என்றே அழைப்பார்கள். வெள்ளைக் குங்கிலியமும் அதே மலைகளில் கிடைப்பதுதான், ஆனால் வேறு மரம். சுமத்ராப் பிசினை அரபு வணிகர்கள் ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாவின் குந்திரிகம் (ஃபிராங்கின்சென்ஸ் எனப்படும் பிசின்) என்றார்கள். அக்காலத்தில் சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே குறித்தார்கள்.

அப்படியானால் நாயனார் எரித்தது எந்தப் பிசின்? (மீண்டும் தஞ்சாவூர்)

பெரியபுராணம் குங்கிலியம் என்கிறது. அந்தப் பெயர் இன்று கருங்குங்கிலியம், வெள்ளைக் குங்கிலியம், சால மரப் பிசின், மைசாட்சி எனப்படும் குக்குலு ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து இதுதான் என்று நான் அடித்துச் சொன்னால் அது நேர்மையாகாது. நாயனார் எதை எரித்திருந்தாலும், உங்கள் அறையின் சன்னலைத் திறந்து வைக்க வேண்டியது அவசியமே. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். காத்திருக்கும் கேள்விகள் பல.

எனக்கு ஆஸ்துமா உண்டு. எந்தத் தூபம் பாதுகாப்பானது? (ஈரோடு)

எதுவும் இல்லை. உங்கள் நுரையீரல் மருத்துவரைக் கேளுங்கள்.

தூபம் மனத்தை அமைதிப்படுத்தும் என்பது அறிவியல்படி உண்மையா? (பெங்களூரு)

குந்திரிகத்தில் உள்ள இன்சென்சோல் அசிடேட் என்ற பொருள் எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததாக 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அது பிரித்தெடுத்த பொருளை எலிகளுக்கு ஊசி வழியே செலுத்திச் செய்த ஆய்வு. ஊதுபத்திப் புகைக்கு அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. ஒரே மணத்தை ஒரே வேளையில் நாள்தோறும் நுகர்ந்தால் மனம் பயிற்சிக்குத் தயாராகிவிடுகிறது என்பது என் அனுபவம். அதற்குப் புகை தேவையில்லை, மணம் போதும்.

குளிர்சாதன அறையில் ஒரே ஒரு பத்தி மட்டும் ஏற்றலாமா? (சென்னை, ஓசூர், துபாய்)

இதே கேள்வி மூவரிடமிருந்து வந்திருக்கிறது. கூடாது. தஞ்சாவூர் வாசகருக்கு எழுதியதைத் தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

மசாலா பத்தியில் நல்ல பிராண்ட் எது? (சேலம்)

முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

குக்குலுவே நூல் சொல்லும் பொருள் என்றால் அதையே நாள்தோறும் வாங்கி எரிக்கலாமா? (புதுச்சேரி)

வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளின் வறண்ட நிலத்தில் வளரும் அந்தச் செடி, பிசினுக்காக அளவுமீறிக் கீறப்பட்டு, பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக இடம்பெற்றுவிட்டது. அகில் மரமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. நாள்தோறும் எரிக்க வேண்டிய பொருள்கள் அல்ல இவை; விசேட நாளுக்கு ஒரு கிள்ளு போதும்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. புகையே இல்லாமல் மணத்துக்கு என்ன செய்யலாம்? (கடலூர்)

உங்கள் மாவட்டத்துக் கடலோர மணலிலேயே வெட்டிவேர் விளைகிறது. ஒரு கைப்பிடி வேரை நீரில் அலசி மண் போக்கி, மண்சட்டியில் அது நனையும் அளவுக்கு நீர் விட்டுச் சன்னலோரம் வையுங்கள். காற்று அதன் மேல் பட்டு உள்ளே வரும்போது அறை முழுவதும் மணக்கும். நீரை நாள்தோறும் மாற்றி, வேரை வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்துங்கள். மணம் குன்றிய பிறகு புது வேர் வாங்கினால் போதும். என் வகுப்பறையிலும் இப்போது தூபக்கால் இருந்த இடத்தில் அந்தச் சட்டிதான் இருக்கிறது.