பெரிய டிரெய்லருக்கு எந்த பிக்கப்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். முழுச் சுமையில் 14,000 பவுண்டு வரும் ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள் மாட்டி இழுக்கும்) கேம்பிங் டிரெய்லர் வாங்கப்போகிறோம். முக்கால் டன் டீசல் பிக்கப் போதுமா? தாராளமாக இழுக்கும் என்கிறார் விற்பனையாளர்.

– வாசகி, டெக்சாஸ்

பதில்: இழுத்துவிடும். ('முக்கால் டன்', 'ஒரு டன்' என்பவை பிக்கப் வகைகளின் பெயர்கள்தான்; ஏற்றக்கூடிய எடையல்ல.) ஆனால் இழுவைத் திறனுக்கு முன்பே சுமைத் திறன் தீர்ந்துபோகும். ஓட்டுநர் கதவைத் திறந்தால், தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். விளம்பரத் தாளை நம்பாமல் அதைப் பாருங்கள்.

இவ்வகை டிரெய்லர் தன் எடையில் சுமார் 20 சதவீதத்தை பிக்கப்பின் முதுகில் ஏற்றும்: 2,800 பவுண்டு. டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச் 200, நான்கு பேர் 600, சாமான் 200. ஆக 3,800. முக்கால் டன் டீசல் வண்டிகள் பலவற்றில் ஸ்டிக்கர் எண் 3,000-ஐக்கூட எட்டாது; கனத்த எஞ்சினே ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மீறி ஏற்றினால் பின் டயர்கள் சூடேறி வெடிக்கலாம். அடுத்த பெரிய வகையான ஒரு டன் வண்டியே எடுங்கள். பின்னால் நான்கு டயர் இருந்தால் குறுக்குக்காற்றிலும் ஆட்டம் குறையும்.

பிக்கப்பின் சரக்குத் தொட்டி ஆறரை அடி நீளம் என்றால் பின்னுக்கு நகரும் ஹிட்ச் போடுங்கள். இல்லாவிட்டால் இறுக்கமான திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு கேபினின் பின்கண்ணாடியை இடித்து உடைத்துவிடும். எட்டடித் தொட்டியில் அந்தக் கவலை குறைவு. முதல் பயணத்துக்கு முன், தண்ணீரும் சாமானும் நிரப்பி, லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஒவ்வொரு அச்சின் எடையையும் பார்த்துவிடுங்கள்.