அப்பா டேப்லட்டைத் தொட மறுக்கிறார்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், வயது 64. எட்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலக்கை வராமல் போய்விட்டது. நாங்கள் பேசுவது புரிகிறது, அவருக்குத்தான் வார்த்தை வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் டேப்லட் ஒன்றைத் தம்பி வாங்கித் தந்தான். அப்பா அதைத் தள்ளிவிடுகிறார். எப்படிப் பழக்குவது?

பதில்: வீட்டில் அந்த டேப்லட்டைத் தொட்டு வேறு யாராவது பேசுகிறீர்களா? நான் பார்த்த பல வீடுகளில் யாரும் பேசுவதில்லை. அவர் முன்னால் வைத்து, "தண்ணி எங்கப்பா, காட்டுங்க" என்று கேட்கிறோம்; சரியாகக் காட்டினால் கைதட்டுகிறோம். விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்று பிள்ளைகளை ஆளாக்கிய மனிதரைப் பரீட்சையில் உட்கார வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அஃபேசியாவாக, அதாவது மூளை பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடப்பக்கம். அங்கே அடிபட்டால் வலக்கையும் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்படலாம். அறிவும் நினைவும் ரோஷமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு அவரைத் தொடச் சொல்லவே வேண்டாம். நீங்கள் தொட்டுப் பேசுங்கள். "கோப்பி கலக்கட்டுமா?" என்று கேட்கும்போது கோப்பிப் படத்தைத் தொடுங்கள். அம்மாவும் பேரப்பிள்ளைகளும் அப்படியே செய்யட்டும். பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே குழந்தை பேசுகிறது? இதுவும் அப்படித்தான். அவர் விரல் லேசாக நகர்ந்தால் உடனே வாயைத் திறந்துவிடாதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்கு நீளமாக இருக்கும், அவருக்கோ அது கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்பது. தண்ணீர், கழிப்பறை, வலி ஆகிய மூன்றும் போதுமென்று நினைக்கிறோம். அதற்கு அவருக்கு டேப்லட் எதற்கு? கையைக் காட்டினாலே உங்களுக்குப் புரிந்துவிடும். கையால் காட்ட முடியாததைப் போடுங்கள். "உப்பு பத்தல", "டிவிய நிறுத்து", "தம்பிக்குப் போன் போடு", "என்னைக் கேட்காம ஏன் முடிவு பண்ணீங்க?" கடைசியில் சொன்னதை அவசியம் வையுங்கள். செயலியோடு வரும் பொம்மைப் படங்களை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டுக் குவளை, அவர் சாப்பிடப் போகும் மாமாக் கடை, கோயில், கூட வேலை பார்த்தவர்கள் என்று நீங்களே படம் பிடித்துப் போடுங்கள். முதலில் ஒரு பக்கத்துக்கு ஆறு படம் போதும். வைத்த இடத்தை மாற்றாதீர்கள். கை இடத்தைத்தான் பழகிக்கொள்ளும். வலக்கை வராதவர்களில் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கும். அதனால் டேப்லட்டைச் சற்று இடப்புறம் தள்ளி, வழுக்காத துணிமேல் நிறுத்துங்கள்.

குரலையும் கவனியுங்கள். இயந்திரக் குரல் புத்தகத் தமிழில் பேசும், அது உங்கள் வீட்டுப் பேச்சு ஆகாது. பெரும்பாலான செயலிகளில் குரலைப் பதிந்து வைக்கலாம். தம்பியைப் பேச வையுங்கள். நோய்க்கு முன் அப்பா வாட்சாப்பில் அனுப்பிய குரல்பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா? "சாப்டியாம்மா?" என்று அவர் கேட்டது ஒன்று கிடைத்தாலும் பொக்கிஷம். ஆனால் அவரிடம் தனியாகப் போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். பழைய குரலைக் கேட்டு உடைந்து போகிறவர்களும் உண்டு.

இதைப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று அம்மா பயப்படலாம். அப்படி ஆகாது. பேச்சுப் பயிற்சியும் இதுவும் சேர்ந்தே நடக்கட்டும். அஃபேசியா உள்ளவர்களுக்கு 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் மாறி வருவது சகஜம். முக்கியமான விஷயமென்றால் கேள்வியை மாற்றி இன்னொரு முறை கேளுங்கள்.

அப்பாவுக்கு இன்னும் ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுக்கவில்லையென்றால் சமூகநலத் துறையில் பதியுங்கள். மருத்துவர் பாரத்தை நிரப்பித் தரவேண்டும். பதிவு இருந்தால், மாற்றுத்திறனாளியான பெற்றோருக்கு வாங்கும் அடிப்படைத் துணைக்கருவிகளுக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு கோர வழியுண்டு. டேப்லட்டுக்கு அது பொருந்துமா என்பதை வருமானவரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அதே படங்களை அச்சடித்துச் சின்ன ஆல்பமாக அவர் சட்டைப் பையில் வையுங்கள், சார்ஜ் தீர்ந்தாலும் கைகொடுக்கும். அவர் சொல்ல வந்து முடியாமல் போனதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஈப்போவுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். அடுத்த பக்கத்தில் என்ன படம் வைப்பது என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.