பெங்களூரில் சமையலறைக் குழாய் வாஷர் மாற்றியும் சொட்டுகிறது. புதுக் குழாய்தான் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கே.ஆர்.புரத்தில் வாடகை வீடு, வாஷர் மாற்றியும் சொட்டு நிற்கவில்லை, பிளம்பர் குழாயையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் முதல் சந்தேகம், அந்தக் குழாயில் வாஷர் என்ற ஒன்று இருக்கிறதா என்பதுதான்.

கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்கினால்தான் மூடுகிறது என்றால் அது பழைய வகை. அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலேயே திறந்து மூடுகிறது என்றால் உள்ளே இருப்பது செராமிக் தட்டு வைத்த ஸ்பிண்டில், அதாவது கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம். வழவழப்பான இரண்டு தட்டுகள். ஒன்று அசையாது, மற்றது கைப்பிடியோடு திரும்பும். இரண்டின் துளைகளும் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும். அதில் ரப்பர் வாஷரை மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், அனேகமாக வளைந்த கழுத்தின் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைத்தான் மாற்றியிருப்பார். அது வேறு கசிவுக்கான மருந்து.

குழாயை மூடிவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். வாயிலிருந்து சொட்டினால் ஸ்பிண்டில். திறந்திருக்கும்போது மட்டும் கழுத்து திரும்பும் இடத்தில் கசிந்தால் ஓ-ரிங். சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் என்றால் மரைப் பிடிப்பு. சிங்க்குக்குக் கீழே நனைகிறது என்றால் ஆங்கிள் காக் (அங்கே சுவரில் இருக்கும் சின்ன வால்வு), கனெக்‌ஷன் பைப், வேஸ்ட் பைப் என்று தனித்தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் எதை மாற்றினாலும் காசு வீண்.

உங்கள் பக்கத்தில் இந்தத் தொல்லை அதிகம் இருக்கக் காரணம் தண்ணீர்தான். நகரத்தின் நடுப்பகுதிக்கு மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தாண்டிக் காவிரி வருகிறது. கே.ஆர்.புரம், மகாதேவபுரம், வொயிட்ஃபீல்ட் பக்கமெல்லாம் ரொம்ப காலம் போர்வெல் தண்ணீரும் டேங்கரும்தான். நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. இன்னும் பல கட்டடங்களில் போர் தண்ணீரைக் கலந்துதான் விடுகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்பு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் அந்த 200-ஐ எளிதாகத் தாண்டும். அந்த உப்பு செராமிக் தட்டின் ஓரத்தில் படியும். டேங்கரோடு வரும் மணல் துகள் தட்டுக்கு நடுவே சிக்கினால் கீறிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இறுக்க இறுக்கக் கைப்பிடிதான் உடையும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஸ்பிண்டிலைக் கழற்றிப் பாருங்கள். முதலில் வால்வை மூட வேண்டும். சமையலறைக்குத் தனி வால்வு இருப்பது அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மொட்டை மாடியில் டேங்கிலிருந்து இறங்கும் லைனில் இருக்கும். எது எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, ராத்திரி பதினோரு மணிக்குக் குழாய் பிய்த்துக்கொண்டு போனால் தேடிக்கொண்டிருக்க முடியாது. சிங்க் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள், திருகாணி உள்ளே போனால் கதை முடிந்தது. கைப்பிடி மேலிருக்கும் சின்ன மூடியை நெம்பி எடுத்து, திருகாணியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஸ்பேனரால் மெதுவாகத் திருகினால் ஸ்பிண்டில் வெளியே வந்துவிடும். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் வினிகரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள். கழிவறை ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், பித்தளையையும் மேல் பூச்சையும் தின்றுவிடும்.

ஊறவைத்தும் சரியாகவில்லை என்றால் அந்த ஸ்பிண்டிலைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஃபோட்டோ போதாது. கைப்பிடி உட்காரும் பல்லின் எண்ணிக்கை, நீளம், மரை எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்.ஜே.பி. ரோட்டில் தேடலாம். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பல பிளம்பர்கள் "முழுசா மாத்திடலாம் சார்" என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஒரு சின்ன உதிரிப் பாகத்துக்காக அரைநாள் சுற்றினால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? பாகத்தை நாமே வாங்கி வைத்துவிட்டு, "அண்ணா, இதை மட்டும் போட்டுக் கொடுங்க" என்றால் மறுப்பவர் குறைவு.

நீங்களாகத் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு: சுவருக்குள் போகும் மரை. இப்போதைய வீடுகளில் டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப், அதன் முனையில் பித்தளை மரை பதித்த எல்போ என்ற வளைவு இணைப்பு. இறுகிப்போன குழாயைப் பலம் போட்டுத் திருகினால் உள்ளே எல்போ விரிசல் விடும். டைல்ஸை உடைத்தால்தான் தெரியும், அதற்குள் பக்கத்து அறைச் சுவர் ஊறியிருக்கும். அங்கே பிளம்பருக்குக் கொடுக்கும் கூலி நியாயமானது. அவர் டெஃப்ளான் டேப் சுற்றும்போது மட்டும் கவனியுங்கள். மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது பிரிந்துவிடும்.

சொட்டுவது ஒரு பக்கம், வேகமே இல்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். 2024 மார்ச் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது குடிநீர் வாரியம் அடுக்குமாடிகளில் தண்ணீரை மிச்சப்படுத்தும் ஏரேட்டர் கட்டாயம் என்றது. குழாய் வாயில் இருக்கும் அந்தச் சல்லடை உப்பில் அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரில் போட்டால் போதும். மேல் மாடியில் இருந்தால் விஷயம் வேறு. 10 மீட்டர் உயரம் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். டேங்க் உங்கள் தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ஷோரூமில் பார்த்த மிக்ஸர் குழாய் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வருவது) அங்கே நூலாகத்தான் ஊற்றும்.

எப்போது முழுக் குழாயை மாற்றலாம்? உடம்பில் விரிசல் தெரிந்தால், பச்சை பூத்திருந்தால், பெயர் தெரியாத கம்பெனியாகி ஸ்பிண்டிலே கிடைக்காவிட்டால். வாடகை வீட்டுக்குக் கனமான பித்தளை, கால் சுற்று, சுவரில் மாட்டும் வகை போதும். பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாயும் கேவலமில்லை; துருவே பிடிக்காது.

ஓனரிடம் பணம் கேட்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் வாஷர், குழாய் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு. அது மாதிரிச் சட்டம்தான், மாநிலம் ஏற்றால்தான் செல்லும். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்பிண்டில் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். சுவருக்குள் கசிவு என்றால் டைல்ஸில் கை வைக்கும் முன் ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சரி என்று எழுத்தில் சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்கள்.