பல் வைத்தியத்துக்காக நாடு விட்டு நாடு போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டொராண்டோவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. கீழே மூன்று, மேலே இரண்டு இம்ப்ளாண்ட் வேண்டுமாம். இங்கே கேட்கிற தொகைக்குச் சென்னை போய் வந்துவிடலாம். மூன்று வார லீவில் முடியுமா?

முடியாது. இம்ப்ளாண்ட் என்பது பல் வேருக்குப் பதிலாக வைக்கிற டைட்டானியம் திருகு. அதைத் தாடையில் வைப்பது ஒரு நாள் வேலைதான், ஆனால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம் ஆகும், மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அங்கே 4 முதல் 6 மாதம்கூட ஆகலாம், அதற்கு அப்புறம்தான் மேலே பல் மாட்டுவது. ஆக இரண்டு பயணம். இரண்டு டிக்கெட், துணைக்கு வருகிறவர் டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் போட்டுக் கணக்குப் பாருங்கள். ஐந்து பல் என்றால் அப்போதும் மிச்சம் வரலாம். ஒரு பல்லுக்கு வராது.

“மூன்றே நாளில் நிலையான பல்” என்று விளம்பரம் வருகிறதே என்பீர்கள். எலும்பு நன்றாக இருந்து, பல திருகுகளைச் சேர்த்துக் கட்டுகிறபோது அது சாத்தியம், பொய்யில்லை. ஆனால் அப்படி மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல், மெத்தென்ற சாப்பாடுதான் சாப்பிட வேண்டும், நிரந்தரப் பல்லுக்கு மறுபடி வரத்தான் வேண்டும்.

டிக்கெட் போடும் முன் அங்கேயே தாடையின் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து இங்கே அனுப்பிவிடுங்கள். வந்து இறங்கியபின் “எலும்பு போதாது, முதலில் எலும்பு வைக்கணும்” என்று கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8-க்கு மேல் இருந்தால் நானாக இருந்தால் தொடவே மாட்டேன், அதைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்பேன். இன்னொன்று, அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ, வருடத்துக்கு ஒன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஊசியோ போடுகிறாரா? பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய அல்லது திருகு போட்ட இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகக் காரணமாகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஊரில் எந்த கிளினிக் சுத்தமானது என்று வெளிநாட்டில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடிக் கதவையும் கூகுள் நட்சத்திரங்களையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா தொற்றால் இறந்துபோனார்கள். ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டியது ஒரு சலைன் பாட்டிலை. வாயில் பயன்படுத்துகிற கருவியாலேயே அதைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். பல்லைக் கழுவுகிற சாதாரண உப்புத் தண்ணீர்! இதை எழுதும்போதே மனசு பதறுகிறது, அந்தக் குடும்பங்கள் பல் வலிக்குத்தானே போனார்கள்.

அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கூச்சப்படாமல் கேளுங்கள். கருவிகள் உறையிட்ட பொட்டலமாக வருகின்றனவா, அதை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா, பொட்டலத்தின் மேல் உள்ள பட்டை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவியில்) போய் வந்ததற்கு அடையாளமாக நிறம் மாறியிருக்கிறதா, உங்களுக்கென்று புது சலைன் திறக்கிறார்களா. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டரின் பதிவு எண்ணை மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். பல பற்களுக்கு வேலை என்றால் அவர் அந்த வேலைக்கான துறையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேல்படிப்பு) முடித்தவரா, அல்லது வாரம் ஒருநாள் வந்துபோகும் வேறொரு டாக்டர் செய்யப்போகிறாரா என்றும் கேளுங்கள். இரண்டாவது என்றால் உங்களுக்கு வலிக்கிற நாளில் அவர் இருக்க மாட்டார்.

லண்டனில் இருக்கிறேன், வயது 27. நண்பர்கள் துருக்கி போய் 20 பல்லையும் வெள்ளையாக்கி வந்தார்கள். ஒரே வாரம்தான். நானும் போகலாமா?

உங்கள் பல்லில் நோய் ஏதும் இல்லையென்றால் போகாதீர்கள், துருக்கி மட்டுமில்லை, எங்கேயும். வெனீர் (பல்லின் முன்னால் ஒட்டும் மெல்லிய ஓடு) என்று விளம்பரத்தில் இருக்கும், அங்கே போனால் பல சமயம் செய்வது கேப் (பல்லை முழுக்க மூடும் உறை). வெனீருக்குப் பல்லின் முன்பக்கத்தை லேசாகச் சீவினால் போதும். கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்கி, வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது பென்சில் முனை மாதிரி ஒரு குச்சி. செதுக்கியது திரும்ப வளராது. கேப் 10, 15 வருடம் உழைக்கும், அப்படியானால் ஆயுசுக்குள் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நடுவில் சில பற்களுக்கு நரம்பு செத்து ரூட் கெனாலும் வரலாம். பிரிட்டனின் பல் மருத்துவர் சங்கம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. வெள்ளையாக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் பிளீச்சிங் இருக்கிறது, கோணல் என்றால் கிளிப் போடலாம், பல் முழுசாக உங்களுடையதாகவே இருக்கும்.

துபாயிலிருந்து ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறேன். ரூட் கெனால், கேப் இரண்டும் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் வந்த முதல் வாரமே ஆரம்பியுங்கள். கல்யாணம், கோயில் எல்லாம் முடித்துவிட்டு கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் வந்து உட்காருகிறவர்களுக்குத்தான் பாதி வேலையோடு சிக்கல் வருகிறது.

பல் பிடுங்கி எத்தனை நாளில் விமானம் ஏறலாம்?

சாதாரணப் பல் என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கடைவாய்ப்பல்லை அறுத்து எடுத்திருந்தால் ஒரு வாரம். மேல்தாடை சைனஸை (மேல் பற்களுக்கு மேலே இருக்கும் காற்றறையை) உயர்த்தி எலும்பு வைத்திருந்தால் இரண்டு வாரமாவது வேண்டும், மூக்கை பலமாகச் சிந்தவும் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திரும்பி வந்தபின் இம்ப்ளாண்ட் ஆடினால் யார் பொறுப்பு?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டு டாக்டர் அதைத் தொடவே தயங்குவார், தொட்டால் அப்புறம் அது அவர் பொறுப்பு ஆகிவிடும். அவர் தயாராக இருந்தாலும் அது எந்தக் கம்பெனித் திருகு என்று தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் சாவி வேறு, உதிரி பாகம் வேறு. அதனால் கிளம்பும் முன் கம்பெனி பெயர், மாடல், விட்டம், நீளம், லாட் எண் எழுதிய அட்டையையும், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும், ரசீதையும் கையில் வாங்குங்கள். திருகின் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையே அட்டையில் ஒட்டித் தருவார்கள், அதுதான் சரியான ஆதாரம்.

“வாரண்டி உண்டு” என்றால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் திருகுக்கு மட்டும்தான் இருக்கும், உங்கள் டிக்கெட்டுக்கோ தங்கும் செலவுக்கோ இல்லை. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் அதன் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் டொராண்டோவில் இருந்துகொண்டு இங்கே கேஸ் நடத்துவது லேசு இல்லை. பணம் கட்டும் முன்னாலேயே உங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் “பின்னால் வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்துச் சுத்தம் செய்து தருவீர்களா” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் வேறொருவரைத் தேடுங்கள், கிடைத்தபின் டிக்கெட் போடுங்கள்.